எங்கள் சாலை வழியாகப் போன வரலாறு

சமூக அறிவியல் ஆசிரியை, மன்னார்குடி பக்கம்

பத்தொன்பது வருடமாகப் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். குடிமையியல் என்றால் பிள்ளைகளுக்கு ‘ஈசி மார்க்’. கைடைப் பார்த்து நெட்டுருப் போட்டால் போதும். அரசியலமைப்பு ஏற்கப்பட்ட நாள்? 1949 நவம்பர் 26. நடைமுறைக்கு வந்த நாள்? 1950 ஜனவரி 26. வரைவுக் குழுத் தலைவர்? அம்பேத்கர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பல வருடம் எனக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகப் பாடம் நடந்துகொண்டிருந்தது. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள், 28-ல் வேதாரண்யம் சேர்ந்தார்கள், 30-ல் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். இவ்வளவையும் போர்டில் எழுதி முடித்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். “டீச்சர், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு போயிருந்தா நம்ம ரோட்டு வழியாத்தானே போயிருப்பாங்க?”

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்றால் தெரிகிற சாலை அது. தினமும் பஸ்ஸில் வந்து இறங்குகிற சாலை. இத்தனை வருடத்தில் அந்த நடையையும் இந்தத் தாரையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் ஹெச்.எம்.மிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வகுப்பையே சாலைக்குக் கூட்டிப்போனேன். குறுவை நட்ட நேரம், வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அரைக் கிலோமீட்டர்தான் நடந்திருப்போம், அதற்குள் ‘கால் சுடுது டீச்சர்’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் நடந்தது சித்திரை வெயிலில், அதுவும் பதினைந்து நாள் என்றேன். அப்புறம் யாரும் கால் சுடுவதைப் பற்றிப் பேசவில்லை.

தஞ்சை கலெக்டராக இருந்த தார்ன், தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று உத்தரவு போட்டிருந்தார். அதற்கு நம் ஜனங்கள் கண்டுபிடித்த வழி, சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி வழியில் இருக்கிற மரங்களில் தொங்கவிடுவது. யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நடப்பவனுக்குச் சோறு கிடைக்கும். சாலையோரப் புளியமரத்தடியில் நின்று இதைச் சொன்னபோது எல்லோரும் அண்ணாந்து கிளையைப் பார்த்தார்கள். ஒரு பெண், “கட்டினவங்க பேரு புத்தகத்துல இருக்கா டீச்சர்?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் பிடிக்கவில்லை.

அங்கேயே வைரப்பன் கதையையும் சொன்னேன். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். சவரம் செய்துகொள்ள வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கோர்ட்டில் மாஜிஸ்திரேட் மீதியை முடிக்கச் சொன்னதாகவும், ‘வேண்டுமானால் நீங்களே செய்யுங்கள்’ என்று இவர் பதில் சொன்னதாகவும் அந்தப் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். ஜெயிலுக்குப் போனார்.

என் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா எங்கள் கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கிறார். அதைச் சொல்லி மற்றப் பிள்ளைகள் அவனைக் கூப்பிடுகிற கூப்பாடு என் காதிலேயே விழுந்திருக்கிறது. எத்தனையோ தடவை கண்டித்தும் நின்றபாடில்லை. அன்றைக்கு அவன் கூட்டத்தின் பின்னாலிருந்து மெல்ல மெல்ல முன்னால் வந்து நின்றான். திரும்பி நடக்கும்போது என் பக்கத்தில் வந்து, “டீச்சர், வைரப்பன் பேரு ஒரு மார்க்ல வருமா?” என்றான்.

கைடில் இல்லை. பப்ளிக்கில் வருமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் நான் வகுப்பில் வைத்த யூனிட் டெஸ்டில் முதல் கேள்வியே அதுதான். நாற்பது தாளிலும் அந்தப் பெயர் இருந்தது.

சாலைக்குப் போய்வந்த மறுநாள் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். நான் படித்த காலத்தில் ‘தீண்டாமை ஒரு பாவச் செயல், பெருங்குற்றம், மனிதத் தன்மையற்ற செயல்’ என்று மூன்று வரி இருக்கும். இப்போது ஒரே வரி, ‘தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்’. எத்தனை பேர் இதைப் படித்திருக்கிறீர்கள் என்றால் ஒரு கை எழவில்லை. பரீட்சையில் வராத பக்கம். சில புத்தகங்களில் பழுப்பு அட்டையை உள்பக்கம் மடித்துச் செலோடேப் ஒட்டியதில் பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்டே போயிருந்தது. அந்த வரிக்கும் தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் பதினேழாவது உறுப்புக்கும் என்ன சம்பந்தம், வகுப்பில் ஒருவனைச் சாதித் தொழில் சொல்லிக் கூப்பிடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பீரியட் முழுக்கப் பேசினோம். ‘போர்ஷன் முடியலையே’ என்று கவலைப்பட்டுக்கொண்டேதான் பேசினேன், ஆனால் நிறுத்தவில்லை. கூப்பாடு அன்றோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது.

உப்பு அள்ளியதற்காக ராஜாஜியை ஜெயிலில் போட்டார்கள். அதே ராஜாஜி 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார், அந்தப் பதவியில் கடைசி ஆள். 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு வந்ததும் பதவியே இல்லாமல் போனது. இதைச் சொன்ன பிறகுதான் ‘குடியரசு’ என்ற சொல்லுக்குப் பிள்ளைகளே அர்த்தம் சொன்னார்கள்.


ஒரு தகப்பன், திருவையாறு பக்கம்

டீச்சர் சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லத் தோன்றியது. நான் விவசாயி, ஒன்பதாவதோடு நின்றவன். என் மகள் எட்டாவது படிக்கும்போது கிராம சபை பற்றிப் பாடம் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை கூடுமாம். “நீ போயிருக்கியாப்பா?” என்று கேட்டாள். போனதில்லை. கையெழுத்து நோட்டு வீட்டுக்கு வந்தால் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அந்த அக்டோபர் 2-ல் அவளே என்னை இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். எழுந்து நின்றதும் மேடையிலிருந்த ஒருவர், ‘சின்னப் பிள்ளைக்கு இங்கே என்ன பேச்சு’ என்றார். எந்த ஊராட்சி, யார் என்பது வேண்டாம். வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர், அந்த வகையில் அவர் சொன்னதில் சட்டப்படி தப்பில்லை. ஆனால் அவள் தலை குனிந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. தாளை வாங்கி நான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ‘தீர்மான நோட்டுல எழுதுங்க, எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க’ என்றும் கேட்டேன். அதுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான்.

பொங்கலுக்கு முன்னால் மோட்டார் போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு கூட்டமும் நான் தவறவிட்டதில்லை.


ஓய்வுபெற்ற ஆசிரியர், கீழ்வேளூர் பக்கம்

நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து கீழ்வெண்மணி சைக்கிள் தூரம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சமத்துவம் பற்றிய பாடத்தில் இதைச் சொல்லலாமா, வீட்டில் ஏதாவது கேட்பார்களா என்று வெகுநாள் தயங்கினேன். என் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். கூலி வாங்கிய வீடும் உண்டு, கூலி கொடுத்த வீடும் உண்டு.

ஒரு வருடம் சொல்லிவிட்டேன். குரலை உயர்த்தாமல், யார் மீதும் விரல் நீட்டாமல், அரசியலமைப்பு வந்து பதினெட்டு வருடத்துக்குப் பிறகு நடந்தது இது என்று மட்டும் சொன்னேன். வகுப்பே அசையாமல் இருந்தது. முன்வரிசையில் ஒரு பையன் திரும்பி உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. என்னப்பா எண்ணுகிறாய் என்றேன்.

“நம்ம க்ளாஸ்ல 41 பேர்தான் சார் இருக்கோம்” என்றான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மறுநாள் அவனே வந்து, அவர்கள் எவ்வளவு கூலி கூடக் கேட்டார்கள் சார் என்று கேட்டான்.