லித்தியத்தோடு குளோனாசெபாம்: கை நடுக்கத்துக்கு எது காரணம்?

பட்டறைக்காரன்
கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 36. போன ஐப்பசியில் நாலு நாள் தூங்காமல், இல்லாத பணத்தை நம்பி இரண்டு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். டாக்டர் பைபோலார் என்றார், மனநிலை அளவுமீறி ஏறுவதும் இறங்குவதுமான நோயாம். லித்தியம் 300 காலை ஒன்று, இரவு இரண்டு. இரவில் தூக்கத்துக்குக் குளோனாசெபாம் 0.5, “கொஞ்ச நாளைக்குத்தான்” என்று சொல்லிக் கொடுத்தார். எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரு மாதமாகக் கை நடுங்குகிறது. அளவு பார்க்கும் வெர்னியரைப் பிடித்தால் கோடு நிற்க மாட்டேன் என்கிறது. தூக்க மாத்திரைதான் காரணம் என்றார் அம்மா. சரி என்று போன செவ்வாய் அதை மட்டும் நிறுத்தினேன். ஐந்து இரவும் சேர்த்துப் பத்து மணி நேரம் தூங்கியிருந்தால் பெரிது. படபடப்பு வேறு. நிறுத்தியது சரிதானுங்களா?

கல்லாப்பெட்டி
மருந்துக்கடையில் இருக்கிறேன். நீங்கள் பிடித்தது தப்பான ஆளை. கை நடுக்கம் பெரும்பாலும் லித்தியத்தின் வேலை. குளோனாசெபாமை இப்படிச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போகும், நடுக்கம் கூடும், சிலருக்கு வலிப்பே வரும். இன்றே டாக்டரிடம் பேசுங்கள். லித்தியம் அளவுக்கு ரத்தம் கொடுங்கள், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஏதாவது போடுகிறீர்களா? அவை ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இருந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மல்லிப்பந்தல்
எனக்கும் இதே நோய்தான், பதினோரு வருடம். ஆரம்பத்தில் பதற்றம் என்று போனபோது மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் தலைகால் புரியாமல் ஆடினேன். எங்களைப் போன்றவர்களுக்கு அது மனநிலையை அளவுமீறி ஏற்றிவிடக்கூடும். அதனால்தான் ஆரம்பத்தில் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் குளோனாசெபாம் வகையைத் தற்காலிகமாகச் சேர்ப்பார்கள். மனநிலையைப் பிடித்து நிறுத்துவது லித்தியம்தான்.

பழகிவிடும் என்று அம்மா பயப்படுவது பொய்யில்லை, அண்ணா. ஆனால் விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எனக்கு 0.5, அப்புறம் 0.25, அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று டாக்டர் பத்து வாரம் இழுத்தார். ஒவ்வொரு முறை குறைத்ததும் இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டது. காலண்டரில் எழுதி வைத்தேன். உங்களுக்கு ஐந்து இரவு தூக்கமில்லை என்பதுதான் எனக்குப் பயம். எங்களுக்கு மேனியா, அதாவது மனம் அளவுமீறி ஏறுவது, பலமுறை அந்த வழியாகத்தான் வரும். வீட்டில் யாரிடமாவது ஏடிஎம் கார்டைக் கொடுத்து வையுங்கள்.

பட்டறைக்காரன்
போய்வந்தேன். ரத்தத்தில் லித்தியம் அளவு 1.3. எனக்கு 0.6-லிருந்து 1-க்குள் இருக்க வேண்டுமாம். மாவு மில்லில் ஷாஃப்ட் தூக்கி இடுப்பு பிடித்ததிலிருந்து தினம் டைக்ளோஃபெனாக்தான். அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அதை நிறுத்தச் சொல்லி, லித்தியத்தில் ஒரு மாத்திரையையும் குறைத்துவிட்டார். ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம், கூடவே கிட்னி டெஸ்ட். பட்டறைச் சூட்டில் வேர்க்கும்போது தண்ணீரை விடாதே என்றார். குளோனாசெபாமைத் திரும்பப் போடச் சொன்னார்; அளவு சரியானதும் மெதுவாகக் குறைப்பாராம்.

நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன். கார்டு அம்மாவிடம். வெர்னியரை இப்போதைக்குப் பையன் பிடிக்கிறான்.