ராணுவ ஃபீல்டு கேபிளில் பேச்சு வருகிறது, டேட்டா அறுந்துபோகிறது (2.2 கி.மீ., தலைஞாயிறு பக்கம்)

கடைமடைக்காரன்:
வணக்கம். எங்கள் வீட்டிலிருந்து வயல் போர்வெல் மோட்டார் செட் வரை 2.2 கிலோமீட்டர். செட்டுக்குப் பக்கத்திலேயே வடிகால் மதகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மதகில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க இரவில் டார்ச்சோடு ஓடுவதே எனக்கு வேலை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது அப்பா செட்டில்தான் படுத்திருந்தார். செல்போன் செத்துவிட்டது, வழியெல்லாம் மரம். அவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிய மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அன்றைக்கே டவரை நம்பாத ஒரு கம்பி இழுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ராணுவக் கழிவு ஏலத்தில் எடுத்த ஒருவரிடம் டபிள்யூடி-1 கேபிள், 400 மீட்டர் சுருளாக ஆறு வாங்கினேன். கைப்பிடி சுற்றும் ஃபீல்டு டெலிபோன் இரண்டு, டெலிபோன் கம்பியில் டேட்டா அனுப்பும் பழைய எஸ்ஹெச்டிஎஸ்எல் மோடம் ஒரு ஜோடி. வரப்போரமாகவே போட்டிருக்கிறேன், ஐந்து ஜாயின்ட். போனும் மோடமும் ஒரே ஜோடிக் கம்பியில்தான் இருக்கின்றன.

பேச்சு நன்றாகக் கேட்கிறது, ஆனால் மோட்டார் ஓடினால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். போனைக் கழற்றினால் காய்ந்த நாளில் மோடம் 2 எம்பிபிஎஸ் வரை பிடிக்கிறது. போனை மாட்டினால் பாதிக்கும் கீழே போகிறது. யாராவது கைப்பிடியைச் சுற்றினால் லிங்க் போய்விடும், திரும்பி வர இரண்டு நிமிடம். மழை பெய்த இரவில் போன் கேட்கிறது, டேட்டா சுத்தமாக இல்லை. மறுமுனையை ஷார்ட் செய்து மல்டிமீட்டரில் பார்த்தேன், 410 ஓம் காட்டியது. எங்கே தப்பு?

பழைய சிக்னல்காரர்:
தம்பி, ஜபல்பூரில் பயிற்சி எடுத்து 22 வருஷம் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவன் நான். இந்தக் கம்பியோடு நிறைய நடந்திருக்கிறேன். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று.

முதலில் போனும் மோடமும். எஸ்ஹெச்டிஎஸ்எல் ஏறக்குறைய பூஜ்ய ஹெர்ட்ஸிலிருந்தே அலைவரிசையை எடுத்துக்கொள்ளும். பேச்சு இருக்கும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் இடமும் அதற்குள்தான் வருகிறது. வீட்டு இணையத்துக்கு வரும் ஏடிஎஸ்எல், விடிஎஸ்எல் இரண்டும் பேச்சுக்கு மேலே தொடங்குவதால் ஃபில்டர் வைத்துப் பிரிக்கலாம், இதில் அது முடியாது. கைப்பிடி சுற்றும்போது சுமார் 20 ஹெர்ட்ஸில் 80, 90 வோல்ட் கம்பியில் ஏறுகிறது. மோடம் இன்னும் உயிரோடு இருப்பதே நல்ல காலம். இன்றைக்கே போனைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அந்த 410 ஓம். ஒவ்வொரு கம்பியிலும் நான்கு செப்பு இழை, மூன்று எஃகு இழை. எஃகு இழுவையைத் தாங்க, செப்பு மின்சாரத்துக்கு. போய்த் திரும்பும் எதிர்ப்பு கிலோமீட்டருக்கு 130 முதல் 145 ஓம் வரும். உங்கள் தூரத்துக்கு 300 பக்கம்தான் காட்ட வேண்டும். மிச்சம் நூறும் ஜாயின்ட்டில் இருக்கிறது. வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருப்பீர்கள்.

மூன்றாவது, மோட்டார் இரைச்சல். இரண்டு கம்பியும் சமமாக இருந்தால் வெளியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி ஒன்றையொன்று அழித்துவிடும். இரைச்சல் கேட்கிறது என்றால் ஒரு கம்பி மட்டும் எங்கேயோ மண்ணைத் தொடுகிறது.

கும்பகோணம் நெட்வொர்க்:
அண்ணே, இவ்வளவு கஷ்டம் எதற்கு? கம்பியில்லாமல் அனுப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ஒரு ஜோடி, இல்லாவிட்டால் ஃபைபர். 2 கிலோமீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை. வேகமும் நூறு மடங்கு.

கடைமடைக்காரன்:
வேகம் எனக்கு வேண்டாம் தம்பி. நிமிடத்துக்கு ஒரு படம், நீர்மட்ட அளவு, அவ்வளவுதான். கஜாவில் எங்கள் மாடியிலிருந்த டிவி டிஷ் பக்கத்துத் தோப்பில் கிடந்தது. ஃபைபர் அறுந்தால் மெஷினோடு ஆள் வர வேண்டும். இது அறுந்தால் கத்தியும் டேப்பும் போதும், நானே கட்டுவேன்.

சிக்னல் ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஒரு கம்பி மண்ணைத் தொடுகிறது என்றால், நல்ல கம்பி ஒன்றை மட்டும் வைத்து, மறுபக்கத்துக்கு எர்த் கம்பி அடித்துப் பேசலாமா? எங்கள் களிமண் எப்போதும் ஈரமாகத்தானே இருக்கிறது.

பழைய சிக்னல்காரர்:
பேசலாம், ஆனால் செய்யாதீர்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் அப்படித்தான் ஒற்றைக் கம்பியும் மண்ணுமாகப் பேசினார்கள். எதிர்ப்பக்கத்து ஜெர்மானியர்கள் மண்ணில் கம்பி நட்டே பேச்சை ஒட்டுக்கேட்டார்கள். அதைத் தடுக்கத்தான் ஃபுல்லர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1915-இல் ஃபுல்லர்ஃபோன் என்ற கருவியையே செய்தார். உங்களை ஒட்டுக்கேட்க யாரும் இல்லை, சரி. ஆனால் சுற்றியிருக்கும் மோட்டார்களின் கசிவு மின்சாரமெல்லாம் அதே மண்ணில்தான் ஓடுகிறது. இப்போது கேட்கும் இரைச்சல் பல மடங்காகும்.

மன்னார்குடி லைன்மேன் (ஓய்வு):
ஐயா சொன்னது சரி. பழுதைக் கண்டுபிடிக்கும் வழியை நான் சொல்கிறேன். முதலில் இரண்டு முனையிலும் மோடம், போன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கம்பியின் உறை கசிகிறதா என்று பார்க்கும் மெகர் மீட்டர் 500 வோல்ட் விடும், மறந்தால் மோடம் போய்விடும். ஒவ்வொரு கம்பியையும் எர்த்தோடு சேர்த்து மெகரில் அளந்து பாருங்கள். எது குறைவாகக் காட்டுகிறதோ அதுதான் காயம்பட்ட கம்பி. பிறகு நடு ஜாயின்ட்டைப் பிரித்து இரண்டு பக்கமும் அளங்கள். கெட்ட பக்கத்தை மறுபடி பாதியாகப் பிரியுங்கள். மூன்று தடவைக்குள் எந்தச் சுருள் என்று தெரிந்துவிடும்.

எங்கள் பக்க வரப்பில் எலி உண்டு, நண்டு வளை உண்டு. கிட்டி வைத்துப் பிடித்தாலும் தீராது. எலிக்கு பிளாஸ்டிக் உறை பல் தீட்ட நல்ல சாமான். ஜாயின்ட்டுக்கு, உள்ளே ஜெல்லி வைத்து அழுத்திப் பூட்டும் ஜெல்லி கனெக்டர் போடுங்கள், சுலபம்.

பழைய சிக்னல்காரர்:
கனெக்டரில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அது ஒற்றைச் செப்புக் கம்பிக்கானது. எஃகு கலந்த ஏழு இழையை அது சரியாகக் கவ்வாது. சதுர முடிச்சு போட்டு, இழைகளை இரு பக்கமும் இறுக்கிச் சுற்றி, ஈயம் வைத்து, முதலில் ரப்பர் டேப், மேலே இன்னொரு டேப். இரண்டு கம்பியின் ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது, ஒரு சாண் தள்ளி வரட்டும்.

அப்புறம், கம்பியை மண்ணிலிருந்து தூக்குங்கள். இந்தக் கம்பியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஜெல்லி நிரப்பல் கிடையாது. தண்ணீரில் கிடந்தால் இரண்டு கம்பிக்கும் இடையிலான கெப்பாசிட்டன்ஸ் (மின்சாரத்தைத் தேக்கும் தன்மை) கூடி சிக்னல் தேயும். டிஏ-312 என்ற அமெரிக்க ஃபீல்டு போனுக்கு இதே கம்பியில் காய்ந்திருந்தால் 38 கிலோமீட்டர், நனைந்திருந்தால் 22 என்று கணக்கு. பேச்சுக்கே அப்படி என்றால், நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் ஓடும் டேட்டாவின் கதி என்ன? மழை இரவில் போன் கேட்டும் மோடம் செத்ததற்குக் காரணம் இதுதான். மோடத்தைத் தானாக வேகம் தேட விடாதீர்கள். 1 எம்பிபிஎஸ் என்று நிறுத்தி வையுங்கள், நனைந்தாலும் தாங்கும்.

கடைமடைக்காரன்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், வயல் வேலை விடவில்லை. மெகரில் ஒரு கம்பி நன்றாக இருந்தது, இன்னொன்று 0.03 மெகாஓம். லைன்மேன் அண்ணன் சொன்னபடி பாதி பாதியாகப் பிரித்ததில் நான்காவது சுருள் என்று தெரிந்தது. கையால் தடவிக்கொண்டே போனேன். வாய்க்கால் திருப்பத்தில் வரப்புக்குள் ஒரு விரல் நீளத்துக்கு உறையே இல்லை, எலிப் பல் வரிசையாகத் தெரிந்தது. எஃகு இழை துருப்பிடித்துப் பழுப்பாகியிருந்தது. ஐந்து ஜாயின்ட்டையும் முடிச்சு போட்டு மறுபடி கட்டினேன்.

இப்போது 304 ஓம். மோடம் 1 எம்பிபிஎஸ்ஸில் இரண்டு மழை இரவைத் தாண்டிவிட்டது. போனை நிரந்தரமாகக் கழற்றுவதற்கு முன் ஒருமுறை மாட்டி, மோட்டாரை ஓடவிட்டுப் பேசிப் பார்த்தேன், இரைச்சல் போய்விட்டது. பாதித் தூரம் மூங்கில் நட்டு, தென்னையில் கட்டித் தூக்கியாயிற்று. ஆனால் இப்போது போன் இல்லை. மோடம் வழியாகவே, பேச்சை டேட்டாவாக அனுப்பும் ஐபி போன் வைத்துவிடலாமா?

பழைய சிக்னல்காரர்:
வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மோடமும் ஐபி போனும் ஓட இரண்டு பக்கமும் பேட்டரி வேண்டும். கஜா மாதிரி நாளில் அது ஒரு இரவு வரும். ஃபீல்டு போனுக்கு இரண்டு டார்ச் செல் போதும், மணி அடிக்கக் கை போதும். 2022-க்குப் பிறகு உக்ரைனில் சோவியத் காலத்துப் பழைய டிஏ-57 ஃபீல்டு போன்களைத் திரும்ப எடுத்ததும் இதனால்தான்: கரண்ட் தேடாது, ரேடியோ அலை விடாததால் எதிரிக்கு இருக்கும் இடமும் தெரியாது. போனுக்கு இன்னொரு ஜோடி தனியாக இழுங்கள்.

மன்னார்குடி லைன்மேன் (ஓய்வு):
இரண்டு முனையிலும், இடி மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்பும் கேஸ் டியூப் அரஸ்டர் போட்டு நல்ல எர்த் கொடுங்கள். வெட்டவெளி, இடி இறங்கும். மின்கம்பத்தில் மட்டும் கட்டாதீர்கள். அறுவடை மெஷின் போகும் வழியில் 6 மீட்டருக்குக் குறையாமல் தூக்குங்கள்.

என்னிடம் இதே கம்பி நான்கு சுருள் சும்மா கிடக்கிறது. ஒரு சுருள் ஐந்தரை கிலோதான், பைக்கில் இரண்டு இரண்டாகக் கொண்டுபோகலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். மிச்சம் இரண்டு சுருள் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைமடைக்காரன்:
வருகிறேன் அண்ணே. அப்பாவும் வருகிறேன் என்கிறார்.