50 ஓவர் மேட்ச்: லெக் ஸ்பின்னரை எடுக்கவா, 7வது பேட்ஸ்மேனை வைக்கவா? (அவசரம்)

ஒன்டவுன்_செந்தில் | வெள்ளி இரவு 8:41
வணக்கம் நண்பர்களே. ஞாயித்துக்கிழமை மேட்ச். 50 ஓவர், ஒன்டே ரூல்தான். முதல் 10 ஓவர்ல ரெண்டு விக்கெட் எடுத்துடறோம். அப்புறம் 11லேர்ந்து 40 வரைக்கும் ஒண்ணும் விழ மாட்டேங்குது, கடைசி 10ல 90க்கு மேல போகுது. இப்ப ஆடற டீம் கீப்பரோட சேர்த்து 7 பேட்ஸ்மேன், 4 பவுலர். மிச்ச 10 ஓவரை மூணு பேர் பிரிச்சுப் போடறாங்க. ஒரு லெக்கி வெளிய உட்கார்ந்திருக்கான், நல்லா திருப்புவான், பேட்டிங் சுத்தமா வராது. அவனை உள்ள கொண்டு வரலாமா? வந்தா யாரைத் தூக்கறது? நாளைக்குள்ள 11 பேர் கொடுக்கணும்.

டெத்ஓவர்_தாஸ் | 8:50
தல, பந்து என்ன? வெள்ளையா சிவப்பா? ஒண்ணா, ரெண்டு முனைக்கும் தனித்தனியா? பகல் மேட்ச்சா, லைட்டா? இது தெரியாம லெக்கியைப் பத்திப் பேசவே முடியாது. அந்த 4 பவுலர் யார் யாருன்னும் சொல்லலையே.

பாயிண்ட்ல_நிக்கிறவன் | 8:58
பார்ட் டைம் மூணு பேரும் என்ன போடறாங்க? மூணு பேரும் ஆஃபி (ஆஃப் ஸ்பின்னர்)ன்னா அது மூணு பேர் இல்ல, ஒரே ஆள்தான்.

மூன்றாம்ஸ்லிப் | 9:10
இந்தக் கேள்விக்கு இங்க பலமுறை பதில் எழுதியாச்சு. தேடிப் பார்த்துட்டுக் கேட்டா நல்லது. சரி, புதுசா வந்தவங்களுக்காக: ஒரு பவுலர் அதிகபட்சம் 10 ஓவர். 50ஐ 10ஆல வகுத்தா 5. அந்த அஞ்சாவது ஆள் இல்லாம டீம் அறிவிக்கறது கேப்டன்சி கிடையாது. ஆனா அதுக்காக 8ம் நம்பர்லேர்ந்து நாலு பேட் பிடிக்கத் தெரியாதவங்களை அடுக்கறதும் தப்பு. அடிக்கத் தெரிஞ்ச ஸ்பின்னர் கிடைக்கலன்னா 7 பேட்ஸ்மேனோட போங்க. 20 ரன் கூட கொடுத்தா 30 ரன் கூட எடுக்கலாம்.

டெத்ஓவர்_தாஸ் | 9:16
அந்தக் கணக்கு சரி வராது. 7ம் நம்பர் ஆள் சராசரியா எத்தனை பந்து பிடிப்பார்? டாப் ஆர்டர் நல்லா ஆடுற நாள்ல 15, 20 பந்து வந்தாலே பெரிசு. அஞ்சாவது பவுலர் கண்டிப்பா 60 பந்து போடணும். 20 பந்துக்காக 60 பந்தை விட்டுக் கொடுக்கறீங்க.

மூன்றாம்ஸ்லிப் | 9:20
40 ரன்னுக்கு 4 விழுந்த நாள்ல வந்து இதே கணக்கைச் சொல்லுங்க.

நெல்லை_ஓப்பனர் | 9:31
என்னைக் கேட்டா பிரச்சினை ஆள்ல இல்ல, ஃபீல்டுல. 11லேர்ந்து 40 வரை சர்க்கிளுக்கு (பிட்ச்சைச் சுத்திப் போட்டிருக்கற 30 கெஜ வட்டம்) வெளிய நாலு பேருதான் நிக்கலாம். பாதி கேப்டனுக இந்த நாலையும் பயந்துபோய் நிறுத்துவாங்க: லாங் ஆஃப், லாங் ஆன், டீப் மிட்விக்கெட், டீப் பாயிண்ட். அப்புறம் ஸ்பின்னருக்கு ஓவருக்கு அஞ்சு சிங்கிள் போகும், ஒரு பந்துகூட ரிஸ்க் எடுக்க வைக்காது.

ஆஃபி வலது கை ஆளுக்குப் போடும்போது இப்படி வச்சுப் பாருங்க. வெளிய: லாங் ஆன், டீப் மிட்விக்கெட், டீப் ஸ்கொயர் லெக், ஸ்வீப்பர் கவர். உள்ள: ஸ்லிப், கவர், மிட் ஆஃப், மிட்விக்கெட், 45ல (ஷார்ட் ஃபைன் லெக்) ஒருத்தர். பாயிண்ட் காலி. ஸ்டம்புக்கு வர்ற பந்தைத் திருப்பத்துக்கு எதிரா அங்க கட் பண்ணப் பார்ப்பான், அதுக்குத்தான் ஸ்லிப். லெக் சைடுல சரியா அஞ்சு பேர் ஆச்சு, அதுக்கு மேல ஒருத்தர் போனா நோ பால், ஃப்ரீ ஹிட். டீப் ஸ்கொயர் லெக்கை அம்பயருக்கு முன்னால நிறுத்துங்க. பின்னால போனா 45 ஆளோட சேர்த்து ரெண்டாயிடும், அதுதான் எல்லை.

பாயிண்ட்ல_நிக்கிறவன் | 9:38
பாயிண்டைக் காலியா விடச் சொன்னதை நான் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கிறேன் 😄 ஆனா அந்த ஆஃபி கொஞ்சம் ஷார்ட்டா போட்டா முடிஞ்சுது கதை. லைன் பிடிக்கறவனுக்கு மட்டும்தான் இந்த ஃபீல்டு.

யாழ்_சுழல் | 9:55
வணக்கம். மூன்றாம்ஸ்லிப் அண்ணை சொல்லுறதை நான் முழுக்க ஏற்கமாட்டன். பகுதிநேரப் பந்துவீச்சை அப்பிடி லேசா நினைக்கக் கூடாது. 2024 ஓகஸ்டில கொழும்பு பிரேமதாசவில இந்தியாவோட நடந்த தொடரைப் பாருங்கோ. இலங்கையின்ர அசலங்க முழுநேரப் பந்துவீச்சாளர் இல்லை, முதல் ரெண்டு போட்டியிலயும் மும்மூண்டு விக்கெட். முதலாவது 230இல சமன், ரெண்டாவது இலங்கைக்கு வெற்றி. 1996 உலகக் கோப்பை லாகூர் இறுதிப்போட்டியில அரவிந்த டி சில்வா 3 விக்கெட் எடுத்துப்போட்டுத்தான் ஆட்டமிழக்காம 107 அடிச்சவர். ஆனா ஒண்டு விளங்கவேணும். அவையள் ஐந்தாவது ஆளா பந்து போடேல்லை. பக்கத்தில முரளியும் தர்மசேனவும் ஜயசூரியவும், பிரேமதாசவில வண்டர்சேயும் வெல்லாலகேயும் இருந்தவை. ஆறாவது, ஏழாவது ஆளா வரேக்கதான் பகுதிநேரக்காரன் பயமில்லாமப் போடுவான்.

டெத்ஓவர்_தாஸ் | 10:02
இதைத்தான் நானும் சொல்றேன். ஆறாவது ஆளா இருந்தா ரெண்டு ஓவர் அடி வாங்கினதும் எடுத்துடலாம். அஞ்சாவது ஆளை எடுக்க முடியாது, அவன் போட்டே ஆகணும். எதிராளிக்கும் அது தெரியும், காத்திருந்து அடிப்பான்.

சேப்பாக்கம்_கேலரி | 10:15
2023 உலகக் கோப்பை ஃபைனல் இதுக்கு நல்ல உதாரணம். ஹர்திக் புனேல அடிபட்டு வெளிய போனதும் ஷர்துலையும் எடுத்துட்டு ஷமி, சூர்யகுமாரை உள்ள கொண்டு வந்தாங்க. 6 பேட்ஸ்மேன், 5 பவுலர். அஞ்சு பேரும் தொடர்ந்து விக்கெட் எடுத்ததால யாரும் ஆறாவது ஆளைத் தேடல. அகமதாபாத்ல 47க்கு 3 விழுந்த பிறகு ஹெட்டும் லபுஷேனும் 192 சேர்த்தாங்க. அப்ப மாத்திப் போட ஆளே இல்ல. அஸ்வின் ஆடியிருக்கணும். ஹெட் இடது கை, ஆஃபி பந்து அவனுக்கு வெளிய திரும்பும்.

மூன்றாம்ஸ்லிப் | 10:19
யாருக்குப் பதிலா?

சேப்பாக்கம்_கேலரி | 10:21
சூர்யகுமார்.

மூன்றாம்ஸ்லிப் | 10:24
அப்ப ஜடேஜா 6. எடுத்ததே 240. முதல் 10 ஓவர்ல 80 அடிச்சிட்டு மிச்ச 40 ஓவர்ல நாலே ஃபோர் போன இன்னிங்ஸ்ல இன்னொரு பேட்ஸ்மேனைக் குறைக்கச் சொல்றீங்க. உணர்ச்சிவசப்படாம ஸ்கோர்கார்டைப் பாருங்க.

சேப்பாக்கம்_கேலரி | 10:30
ராகுல் 107 பந்துல 66 எடுத்ததே பின்னால ஆள் இல்லைங்கற பயத்துலதான். அது பேட்ஸ்மேன் எண்ணிக்கைப் பிரச்சினை இல்ல, 8ம் நம்பர்லேர்ந்து வால் (பேட்டிங் வராதவங்க) ஆரம்பிச்ச பிரச்சினை. அதே வருஷம் சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியாவை 199க்கு முடிச்ச மேட்ச்சை மறந்துட்டீங்களா? ஜடேஜா, குல்தீப், அஸ்வின் மூணு பேரும் சேர்ந்து 30 ஓவர், 104 ரன், 6 விக்கெட்.

நெல்லை_ஓப்பனர் | 10:34
அது சேப்பாக்கம். இது அகமதாபாத், ராத்திரி, பனி. ஈரப்பந்தை விரல் ஸ்பின்னர் கையில கொடுத்தா என்ன ஆகும்?

பாயிண்ட்ல_நிக்கிறவன் | 10:37
செந்தில் ப்ரோ போய்ட்டாரு, நாம ஃபைனலை மறுபடி ஆடிக்கிட்டு இருக்கோம்.

ஸ்கோர்புக் | 10:52
இழையைக் கேள்விக்குத் திருப்புகிறேன். ‘ஒன்டே ரூல்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது, விதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 2011 அக்டோபர் முதல் இரு முனைகளிலும் தனித்தனிப் புதுப்பந்து. அதனால் 50வது ஓவரிலும் பந்தின் வயது 25 ஓவர்தான். ரிவர்ஸ் ஸ்விங் (பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்த் திசையில் வளைவது) அருகியதற்கு முக்கியக் காரணம் அது. 2015 ஜூலையில் கடைசி 10 ஓவருக்கு வெளியே ஐந்து பேரை அனுமதித்து, பேட்டிங் பவர்ப்ளேயை (பேட்டிங் அணி தேர்ந்தெடுக்கும் ஃபீல்டிங் கட்டுப்பாட்டு ஓவர்கள்) நீக்கினார்கள். 2025 ஜூலை முதல் 34 ஓவர் வரை மட்டுமே இரண்டு பந்துகள். பிறகு ஃபீல்டிங் அணி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முடிவுவரை அதையே பயன்படுத்த வேண்டும். அந்தப் பந்து 35வது ஓவர் தொடங்கும்போது 17 ஓவர் பழையது, முடியும்போது 33 ஓவர் பழையது. எனவே எந்த முனைப் பந்தை ஸ்பின்னர்கள் அதிகம் வீசினார்கள் என்பதையும் கேப்டன் கவனிக்க வேண்டும்.

உங்கள் லீக்கில் இதில் எது நடைமுறை? பந்து ஒன்றுதான் என்றால் மேலே சொன்ன பாதி யோசனைகள் பொருந்தாது.

ஒன்டவுன்_செந்தில் | 11:20
சாரி, வண்டியில இருந்தேன். பந்து ஒண்ணுதான், சிவப்பு. 50 ஓவருக்கும் அதேதான். காலையில 9 மணிக்கு ஆரம்பம். ஃபீல்டு ரூல் மட்டும் ஒன்டே மாதிரி, சர்க்கிளுக்கு வெளிய முதல் 10ல 2 பேர், 40 வரை 4, கடைசி 10ல 5. பவுலர்: வேகம் ரெண்டு பேர், ஒரு ஆஃபி, ஒரு இடது கை ஸ்பின்னர் (8ல வருவான், 30 அடிப்பான்). 7 பேட்ஸ்மேன்ல ஒருத்தன் மீடியம் பேஸ் போடுவான், 6ல ஆடறான். மத்த ரெண்டு பார்ட் டைமும் ஆஃபி. மேட் விக்கெட் (பிட்ச் மேல பாய் விரிச்சது).

டெத்ஓவர்_தாஸ் | 11:23
மேட்டா!! அதைக் கடைசி வரியில சொல்றீங்களே தல.

பாயிண்ட்ல_நிக்கிறவன் | 11:25
சொன்னேன்ல. மூணு ஆஃபி = ஒரே ஆள்.

நெல்லை_ஓப்பனர் | 11:33
மேட் மண்ணு மேலயா, சிமென்ட் மேலயா? சிமென்ட்டுன்னா லெக்கி பந்து இடுப்புக்கு மேல எழும்பும், கீப்பர் ஒரு அடி தள்ளி நிக்கணும், ஸ்லிப் கண்டிப்பா வேணும். மண்ணுன்னா மேட்டை எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்காங்கன்னு டாஸுக்கு முன்னால பாருங்க. ஓரத்துல ஆணி தளர்ந்து மடிப்பு விழுந்தா குட் லெங்த்ல ஒரு பந்து எழும்பும், இன்னொண்ணு தரையோட போகும். இன்னிங்ஸ் இடைவேளையில மறுபடி இழுக்கச் சொல்லி அம்பயர்கிட்ட கேளுங்க. எப்படியானாலும் லெக்கி உள்ள வரணும், இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல.

மூன்றாம்ஸ்லிப் | 11:40
மேட்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேசியிருக்க வேண்டாம். மேட்ல புதுப்பந்து பளபளப்பு சீக்கிரம் போயிடும், வேகம் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு நாலு ஓவர் போதும். என் கருத்து அதேதான்: ஆழம் முக்கியம். 9, 10, 11 மூணு பேரும் வால்னா 8ம் ஆள் முப்பது அடிக்கறதைக் கணக்குல சேர்க்காதீங்க.

டெத்ஓவர்_தாஸ் | 11:58
8ல முப்பது அடிக்கறவன் இருந்தும் ஆழம் இல்லன்னா அப்புறம் எதுக்குப் பேர் ஆழம்? 2025 சாம்பியன்ஸ் டிராஃபி துபாய் ஃபைனலைப் பாருங்க. அக்சரை 5ல ஏத்தி, ராகுல் 6, ஹர்திக் 7, ஜடேஜா 8. அதுக்குக் கீழ ஷமி, குல்தீப், வருண். அசல் வால் மூணு பேர், பவுலர் ஆறு பேர். ஸ்பின் மட்டும் 38 ஓவர், நியூசிலாந்து 251. பேட் பிடிக்கத் தெரியாத வருணை எடுத்ததால டீம் ஒண்ணும் மூழ்கிடல, அக்சரையும் ஜடேஜாவையும் எந்த நம்பர்ல வைக்கறதுங்கறதுலதான் விஷயமே.

செந்தில், உங்க டீமும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான். ஆஃபி போடற ரெண்டு பேட்ஸ்மேன்ல ரன் குறைவா எடுக்கறவனைத் தூக்குங்க, லெக்கி உள்ள. மீடியம் பேஸ் ஆள் 6ல அப்படியே, இடது கை ஸ்பின்னரை 7க்கு ஏத்துங்க. ஆறு முழு பவுலர் ஆச்சு. ஓவர் இப்படி:

1–8: வேகம் ரெண்டு பேரும் நாலு நாலு. 9வது ஓவர்லயே இடது கை ஸ்பின்னர். வெளிய ரெண்டு பேருதான், ஆனாலும் பயப்படாதீங்க. 1992 உலகக் கோப்பையில நியூசிலாந்து தீபக் படேலை வச்சுப் பவுலிங்கே ஆரம்பிச்சாங்க. பந்தோட வேகத்தை நம்பி ஆடற ஓப்பனருக்கு வேகம் கொடுக்காம இருக்கறதே தொந்தரவு.
9–45: மொத்தம் 37 ஓவர். இடது கை 10, ஆஃபி 9, லெக்கி 8, மீடியம் பேஸ் 6, வேகம் ஆளுக்கு 2.
46–50: வேகம் மட்டும். ஒருத்தன் 46, 48, 50. இன்னொருத்தன் 47, 49.

கூட்டிப் பாருங்க: 9, 8, 10, 9, 8, 6. சரியா 50. முக்கியமானது நடுவுல வேகத்துக்கு வச்சிருக்கற அந்த ரெண்டு ரெண்டு ஓவர். செட் ஆன ஜோடி 40 ரன் சேர்த்ததும் கொண்டு வாங்க, 25வது ஓவர் ஆனாலும் சரி. கடைசிக்குன்னு பதுக்கி வச்சா செட் ஆனவனே கடைசி வரை நின்னு அடிப்பான். உங்க 90 ரன் போறது அங்கதான்.

நெல்லை_ஓப்பனர் | சனி காலை 6:20
இதுல ஒரு திருத்தம். லெக்கியை ஒரே ஸ்பெல்லா 8 போட விடாதீங்க. புது பேட்ஸ்மேன் வந்ததும் 3 ஓவர், செட் ஆனா எடுத்துடுங்க, அடுத்த விக்கெட் விழுந்ததும் மறுபடி. முதல் ஓவருக்கு டீப் மிட்விக்கெட், லாங் ஆன் ரெண்டும் வெளிய கொடுத்துடுங்க. இல்லன்னா ஒரு சிக்ஸ் போனதும் பையன் ஷார்ட்டா போட ஆரம்பிச்சிடுவான்.

சேப்பாக்கம்_கேலரி | காலை 7:05
அப்புறம் 2023 பத்தி என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

மூன்றாம்ஸ்லிப் | காலை 7:30
பதில் சொல்லியாச்சு. உங்களுக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்.

யாழ்_சுழல் | காலை 8:12
நெல்லை அண்ணை சொன்னது சரியான கதை. இன்னொண்டு: தம்பி, உங்கட கீப்பர் லெக்கிக்கு எத்தினை முறை வலையில நிண்டவர்? கூக்ளியை (எதிர்ப்பக்கம் திரும்பிற பந்தை) லெக்கியின்ர கையில பாத்துப் பிடிக்கத் தெரியாட்டி பைஸே (மட்டையில படாமப் போற ரன்) 15 போகும். இண்டைக்கே ஒரு அரை மணித்தியாலம் ரெண்டு பேரையும் மேட்டில நிப்பாட்டுங்கோ.

ஒன்டவுன்_செந்தில் | ஞாயிறு இரவு 7:48
நன்றி எல்லாருக்கும். லெக்கி ஆடினான், 7 ஓவர் 38 ரன் 3 விக்கெட். எதிராளி 211 ஆல் அவுட். பைஸ் 14 போச்சு. 4 விக்கெட்ல ஜெயிச்சோம்.

டெத்ஓவர்_தாஸ் | 7:55
சூப்பர் தல. கடைசி 5 ஓவர் யார் போட்டா? யாரைத் தூக்கினீங்க?

மூன்றாம்ஸ்லிப் | 8:20
212ஐ எடுக்க 6 விக்கெட் போயிருக்கு. 7ம் நம்பர்ல யார் வந்தது, எத்தனை அடிச்சார்னு சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

பாயிண்ட்ல_நிக்கிறவன் | திங்கள் காலை 9:40
செந்தில்?