ஷிஃப்ட் மாறினால் பழக்கமும் விட்டுப்போகிறது. என்ன செய்வது?

பழையபேட்டை வாசி:
எல்லோருக்கும் வணக்கம். வயது 36, ஊர் கிருஷ்ணகிரி, வேலை ஓசூரில். வாரம் ஒரு ஷிஃப்ட். முதல் ஷிஃப்ட் என்றால் விடியற்காலை நாலரைக்கு ரவுண்டானாவில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். இரண்டாவது என்றால் வீடு திரும்ப இரவு பதினொன்றரை. நைட் என்றால் காலை ஏழரைக்கு வந்து ஜன்னலை மூடிக்கொண்டு படுப்பேன்.

தை மாதம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 6.1 வந்தது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார் டாக்டர். அப்பாவுக்கு இதனால் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். அதைப் பார்த்தவன் என்பதால் பயந்துவிட்டேன். மறுநாளே ஷூ வாங்கி, காலை எட்டு மணிக்கு விளையாட்டரங்கத்தில் நடக்க ஆரம்பித்தேன். ஆறு நாள் போனது. ஷிஃப்ட் மாறியதும் நின்றது. மூன்று முறை இப்படியே ஆகிவிட்டது. தினம் இரண்டு பக்கம் படிக்க நினைத்ததும் அதே கதி. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மாரண்டஅள்ளி பட்டுக்காரி:
தம்பி, எனக்கு 48. பட்டுப்புழு வளர்க்கிறோம். உங்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை நேரம் மாறுகிறது, எனக்குப் புழுவின் பருவத்துக்கு ஒருமுறை. தோல் உரிக்கும்போது புழு தின்னாது, கொஞ்சம் மூச்சு விடலாம். நாலாவது தோல் உரித்து எழுந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு இலை வெட்டுவதும் போடுவதும்தான், உட்கார நேரமிருக்காது. அப்புறம் புழு கட்டிய கூட்டைப் பிரித்து, தர்மபுரி அங்காடியில் விற்று, புழு வளர்க்கும் மனையைக் கழுவி மருந்தடித்து, அடுத்த புழு வரும்வரை சும்மா.

முதுகுவலிக்குப் போனபோது பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறேனே, இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி என்று கேட்டேன். குனிவதுதான் நடக்கிறது, முதுகைத் தாங்கும் தசைக்குத் தனியாக வலு ஏற்ற வேண்டும் என்றார்கள். காலை ஆறு மணி என்று வைத்தேன், பருவம் மாறும்போதெல்லாம் விட்டுப்போனது. சரி என்று மணியை விட்டுவிட்டு, இலை போட்டு முடித்ததும் செய்வது என்று மாற்றினேன். அதுவும் புழு இல்லாத நாட்களில் நின்றது. கடைசியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தோடு சேர்த்தேன். புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாடு தண்ணீர் கேட்கும். அது குடித்து முடிப்பதற்குள் சுவரில் சாய்ந்து பத்து முறை பாதி உட்கார்ந்து எழுவேன். இரண்டு வருடமாக நடக்கிறது.

எந்த ஷிஃப்டிலும் மாறாதது உங்களுக்கு என்ன என்று பாருங்கள். சாப்பாடு இருக்கிறதே. கேண்டீனில் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் நடக்க ஆரம்பியுங்கள். பத்து நிமிடம் போதும்.

மலைப்படி:
அக்கா சொன்ன நேரம் உங்களுக்கு மிகவும் பொருத்தம். சாப்பிட்டதும் நடந்தால் தசைகள் ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், சர்க்கரை அவ்வளவாக ஏறாது. களி சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை வராது என்று நம் பக்கம் சொல்வார்கள். அதை நம்பி இரண்டு உருண்டை போடாதீர்கள், ராகியிலும் மாவுச்சத்துதான் அதிகம்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதையும் மறந்துவிடுங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 200 நாளுக்கும் மேல். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நீங்கள் ஆறாம் நாளிலேயே தோற்றுவிட்டதாக நினைத்துவிட்டீர்கள்.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது வேகமாக நடப்பது போன்ற மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வேளை பத்துப் பத்து நிமிடம், ஐந்து நாள். கணக்கு சரியாக வந்துவிடும். தசைக்கு நான் ஞாயிற்றுக்கிழமை சையத் பாஷா மலை ஏறுகிறேன், வாருங்கள்.

இரவுப்பணி நர்ஸ்:
நைட் முடிந்து வந்த காலையில் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு நடக்காதீர்கள், தம்பி. தூக்கம் குறைந்தாலும் சர்க்கரை ஏறும். முதலில் தூங்குங்கள்.

பழையபேட்டை வாசி:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று ஷிஃப்டையும் தாண்டிவிட்டது! கேண்டீனிலிருந்து ஸ்டோர் கேட் வரை போய்வந்தால் ஐந்து நிமிடம், இரண்டு சுற்று. மழை நாளில் ஷெட்டுக்குள். வீட்டில் சாப்பிட்டால் தெருமுனை வரை, மகளும் கூட வருகிறாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும், லைட்டை அணைப்பதற்கு முன் இரண்டு பக்கம் படித்துவிடுகிறேன். ஓவர்டைமால் ஒரு நாள் விட்டது, மறுநாள் நடந்தேன். அடுத்த பரிசோதனை சித்திரையில். என்ன வந்தாலும் இங்கே எழுதுகிறேன். அக்கா, இந்தத் தடவை கூடு நல்ல விலைக்குப் போனதா?