மறு: குவென்ச்சிங்: பேரடை தணிகிறதா, அணைகிறதா, ஓய்கிறதா?

வணக்கம் நண்பர்களே,

பேரடைகள் (கேலக்ஸிகள்) தொடர்பான குவென்ச்சிங் என்ற வானியற்பியல் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த முன்மொழிவுகளில் பெரும்பாலானவை, ஆங்கில அகராதியில் குவென்ச் என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள் போட்டிருக்கிறதோ அவற்றுக்கான தமிழாகவே இருக்கின்றன. அதில் தப்பில்லை. ஆனால் வானியற்பியலார் அந்தச் சொல்லால் எந்த நிகழ்வைச் சுட்டுகிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தானாகவே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பேரடை ஒன்று குளிர்ந்த வளிமத்திலிருந்து விண்மீன்களை ஆக்கிக்கொண்டே இருக்கிறது. (வாயு என்று எழுதுகிறவர்கள் வாயு என்றே படித்துக்கொள்ளுங்கள், அந்த வழக்கை இங்கே இழுக்க வேண்டாம்.) நம் பால்வழியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரிய நிறை அளவுக்குப் புது விண்மீன்கள் உருவாகின்றன. பால்வழியைவிடப் பெரிய நீள்வட்டப் பேரடைகள் பலவற்றிலோ அந்த வேலை கிட்டத்தட்ட நின்றுபோய்ப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. நீல நிறப் பெரு விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து முடிந்துவிடும், அந்த இடத்துக்குப் புதியவை வராததால் வயதான சிவப்பு விண்மீன்கள் மட்டும் மிஞ்சும், பேரடையே சிவந்து தெரியும். இப்படி ஆக்கம் நின்றுபோவதைத்தான் குவென்ச்சிங் என்கிறார்கள். எதனால் நிற்கிறது என்பதில்தான் இன்னும் அடிதடி நடக்கிறது.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

> தணித்தல் என்றே வைத்துக்கொள்ளலாமே. உலோகவியலிலும் இருக்கிறது, தாகம் தணித்தல் என்று பேச்சிலும் இருக்கிறது.

இதற்கு ஆதரவு அதிகம் என்று தெரியும், இருந்தாலும் எதிர்த்தே ஆக வேண்டியிருக்கிறது. காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் அமிழ்த்தினால் சூடு தணிகிறது, அங்கே சொல் கச்சிதம். பேரடையில் நடப்பது பல நேரங்களில் இதற்கு நேர்மாறு. விண்மீன் பிறக்க வேண்டுமானால் வளிமம் பத்திருபது கெல்வின் வரைக்கும் குளிர வேண்டும்; குளிரவிடாமல் சூடாகவே வைத்திருந்தால் ஆக்கம் நின்றுவிடும். பெர்சியஸ் என்ற பேரடைக் கொத்தின் நடுவில் இருக்கும் என்ஜிசி 1275 பேரடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் ஏராளமான வளிமம் கிடக்கிறது, எக்ஸ் கதிர்களாக ஆற்றலைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கொட்டுகிற கணக்கைப் பார்த்தால் ஆண்டுக்குச் சில நூறு சூரிய நிறை வளிமம் குளிர்ந்து உள்ளே விழ வேண்டும். உண்மையில் விழுவது அதில் ஒரு சிறு பங்குதான். சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் படத்தில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வளிமத்துக்குள் பெரிய பெரிய குமிழிகள் தெரிகின்றன, பேரடையின் நடுவிலுள்ள கருந்துளை பீய்ச்சும் தாரைகள் ஊதிவிட்டவை. அவற்றைச் சுற்றி அலையலையாக வளையங்கள். அவை ஒலியலைகள் என்று 2003இல் அறிவித்தார்கள். இந்த ஆற்றல்தான் வளிமத்தைக் குளிரவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இதற்குப் போய் "கருந்துளை பேரடையைத் தணித்தது" என்று எழுதினால், முதன்முறை படிக்கிற மாணவர் வளிமம் குளிர்ந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். இயற்பியலே தலைகீழாகிவிடும். போதாக்குறைக்குத் தணிதல் என்றால் குறைதல்தான், நிற்பது ஆகாது.

> அணைத்தல் எளிமையான சொல், யாருக்கும் புரியும்.

"கருந்துளை பேரடையை அணைத்தது." ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காதல் காட்சி. அவித்தல் என்றவருக்கும் ஏறக்குறைய இதே பதில், பெரும்பாலோருக்கு அந்தச் சொல் விளக்கை விட்டு அடுப்பங்கரைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், இதில் பெரிய சிக்கல் வேறு. தணித்தல், அணைத்தல், அவித்தல், நிறுத்தல் எல்லாமே பிறவினை, செய்கிறவர் ஒருவர் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு பட்டும் படாமலும் எழுதிவிடலாம். தமிழில் அணைதலா அணைத்தலா என்று வாயைத் திறக்கும்போதே சொல்லியாக வேண்டும். நாமோ கலைச்சொல் பட்டியல் என்றாலே பழக்கதோஷத்தில் பிறவினையைப் போட்டுவிடுகிறோம். இங்கே அப்படிப் போட்டால், ஆய்வாளர்கள் இன்னும் முடிக்காத வழக்குக்கு நம் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

ஏனென்றால் சில பேரடைகளில் செய்தவர் யார் என்று கண்ணுக்கே தெரிகிறது. நார்மா கொத்துக்குள் பாய்ந்துகொண்டிருக்கும் ஈஎஸ்ஓ 137-001 அப்படி ஒன்று. கொத்தில் நிறைந்திருக்கும் சூடான வளிமம் எதிர்க்காற்றாக அடித்து அதன் சொந்த வளிமத்தை உரித்தெடுக்கிறது, பின்னால் 2 லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் நீளத்துக்கு வால் தொங்குகிறது. இப்படி உரிக்கப்படும் என்று 1972இல் வானியற்பியலார் கன், காட் இருவரும் எழுத்தில் சொன்னதை இங்கே படமாகவே பார்க்கலாம். இதில் பிறவினை போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மற்றபடி, யாரும் எதையும் பறிக்காமலேயே நிற்கிற பேரடைகளும் உண்டு. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த வளிம வரத்து நின்றுவிடுகிறது, இருப்பில் உள்ளதைப் பேரடை மெதுவாகச் செலவழித்துத் தீர்க்கிறது. இது 1980இலேயே லார்சன், டின்ஸ்லி, கால்ட்வெல் சொன்ன யோசனை. 2015இல் பெங், மயோலினோ, காக்ரேன் மூவரும் நேச்சர் இதழில் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வளிமத்தைச் சட்டென்று பறித்துவிட்டால், அந்த நேரத்தில் விண்மீன்களில் எவ்வளவு உலோகம் இருந்ததோ அதோடு நின்றுவிடும். (வானியலில் ஹீலியத்துக்கு மேற்பட்ட தனிமம் எல்லாம் உலோகம்தான், வேதியியலார் மன்னிக்கவும்.) வரத்து மட்டும் நின்றிருந்தால், மிச்சமுள்ள வளிமத்தில் விண்மீன்கள் தொடர்ந்து பிறக்கும், புது வளிமம் வந்து கலந்து நீர்த்துப்போக வழியில்லை, அதனால் உலோக அளவு ஏறிக்கொண்டே போகும். சுமார் 26,000 பேரடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே நிறையுள்ளவற்றில், நின்றுபோனவற்றில் உலோகம் தெளிவாகவே கூடுதல். நிற்பதற்கு ஆகும் காலம் ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகள் என்று கணக்கு வந்தது. 400 கோடி ஆண்டு இழுக்கிற ஒரு நிகழ்வை அணைத்தல் என்றால் மனம் ஒப்பவில்லை.

> வளிமம் தீர்ந்துபோவதுதானே? வறளல் பொருந்துமே.

மேலே சொன்ன வகைக்கு மட்டும் பொருந்தும். பெர்சியஸில் வறட்சியே இல்லை, வெள்ளமாகக் கிடக்கிறது, பயன்படத்தான் மாட்டேன் என்கிறது. 2009இல் மார்ட்டிக் குழுவினர் காட்டியது இன்னும் விசித்திரம்: நடுவில் திரண்ட கோளப் பகுதி பெரிதாக இருந்தால், அதன் ஈர்ப்பே வளிமத் தட்டை நிலைப்படுத்திவிடுகிறது, வளிமம் குளிர்ந்து தயாராக இருந்தும் துண்டுதுண்டாக உடைந்து திரளாது. யாரும் பறிக்கவில்லை, தீரவில்லை, சூடேற்றவும் இல்லை. ஆனாலும் ஆக்கம் நின்றுவிடுகிறது. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

> ஆங்கிலத்திலேயே செத்த பேரடை என்கிறார்கள். இறப்பு என்று வைத்தால் என்ன?

செத்தது எழுந்து வராது. பேரடை வரும். புது வளிமம் வந்து சேர்ந்தால் மறுபடி விண்மீன் ஆக்கத் தொடங்குபவை உண்டு. அப்புறம், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தந்த குட்டிப் பேரடையை மறந்துவிட வேண்டாம். 2024இல் லூசர் குழுவினர் நேச்சரில் வெளியிட்டது, செம்பெயர்ச்சி 7.3, அதாவது பெருவெடிப்புக்கு 70 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய காட்சி. சில கோடி ஆண்டுகள் வேகவேகமாக விண்மீன்களைப் பெற்றுத் தள்ளிவிட்டு, நாம் பார்க்கும் கணத்துக்கு ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் நிறுத்தியிருக்கிறது. இது நிரந்தரமா, மறுபடி தொடங்குமா என்று அந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இதை இறப்பு என்று பதிவு செய்வது அவசரம்.

ஆக, எனக்கு வேண்டிய சொல் தன்வினையாக இருக்க வேண்டும், முழுமையாக நின்றதைச் சொல்ல வேண்டும், மறுபடி தொடங்கவும் இடம் விட வேண்டும், காரணத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது என்கிறோமே, அதைத்தான் எடுக்கச் சொல்கிறேன். விண்மீனாக்கம் ஓய்தல், சுருக்கமாக ஓய்தல். ஓய்ந்த மழை நாளைக்கும் பெய்யலாம், ஏன் ஓய்ந்தது என்று யாரும் கேட்பதுமில்லை. செய்தவர் பிடிபட்ட இடத்தில் மட்டும் ஓய்வித்தல்: "எதிர்க்காற்று இப்பேரடையை ஓய்வித்தது." நின்றுபோன நிலையில் உள்ளது ஓய்ந்த பேரடை. குட்டிப் பேரடைக்குத் தற்காலிக ஓய்வு என்று எழுதலாம்.

ஓய்வு என்றதும் ஓய்வூதியம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதுவார், தெரியும். ஓய்வுபெற்ற பேரடை என்ற தொடரை எப்படியும் தனியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ரிட்டயர்டு என்றே ஒரு வகை இருக்கிறது. அவற்றில் அயனியான வளிமம் மின்னும், பார்ப்பதற்குக் கருந்துளை வேலை செய்வது போலவே தெரியும், ஆனால் உண்மையில் ஒளிரச் செய்வது பழைய சூடான விண்மீன்களே. அதனால் ஓய்ந்த, ஓய்வுபெற்ற இரண்டையும் குழப்பாமல் எழுதினால் சரி.

2010இல் பெங் குழுவினர் பிரித்துக் காட்டிய இரு வகைக்கும் புதுச்சொல் தேவையே இல்லை. நிறையால் ஓய்தல், சூழலால் ஓய்தல். வேற்றுமை உருபு ஒன்றே வேலையை முடித்துவிடுகிறது. வரத்து நிற்பதற்கு ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பது என்று வைத்திருக்கிறார்கள், அந்த வன்முறை நமக்கெதற்கு, வரத்தடைப்பு போதும்.

மிச்சம் இருப்பது எதிர்க்காற்று அடிக்கும்போது உண்டாகும் அழுத்தம். மோதழுத்தம் என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அதைப் பார்த்தால் ஒரே ஒருமுறை மோதியது போல ஒரு தோற்றம் வருகிறது, இதுவோ பல கோடி ஆண்டுகள் விடாமல் அடிப்பது. பாய்ம இயக்கவியல் பக்கம் இருப்பவர்கள் ராம் பிரஷருக்கு வேறு என்ன எழுதுகிறீர்கள் என்று சொன்னால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.