புதுப்பிப்பு: புளோயர் வைத்த கேஸ் பர்னர், கரண்ட் போனால் என்ன ஆகும்?

வீட்டுப் பட்டறையில் இரும்பு காய்ச்சும் சின்ன உலைக்குப் புளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) வைத்த புரொப்பேன் பர்னர் செய்வதாக முன்பு எழுதியிருந்தேன். கரண்ட் போய் புளோயர் நின்றால் கேஸ் என்ன ஆகும் என்று சிலர் கேட்டீர்கள். ரொம்ப முக்கியமான கேள்வி. தள்ளும் காற்று நின்றதும் கேஸ் குழாய் வழியாகப் பின்னால் புளோயர் வரை வந்துவிடலாம். அங்கே பற்றிக்கொண்டால் வெடிக்கும்.

அதனால் கேஸ் லைனில், மின்சாரம் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் சொலினாய்டு வால்வு போட்டாகிவிட்டது. கரண்ட் திரும்பி வந்தாலும் கையால் பட்டனை அழுத்தினால்தான் திறக்கும். தானாகத் திறந்தால் எரியாத உலைக்குள் கேஸ் நிறைந்துவிடும், அது இன்னும் ஆபத்து. மோட்டார் மட்டும் பழுதாகி நின்றால் இந்த வால்வுக்குத் தெரியாது. அதற்காகக் குழாயில், காற்று நின்றால் வால்வை மூடவைக்கும் காற்றழுத்த சுவிட்ச் ஒன்றும் சேர்த்தேன். இந்த இரண்டும் இல்லாமல் யாரும் பற்றவைக்காதீர்கள்.

அப்புறம் சுடர். கன அளவில் ஒரு பங்கு புரொப்பேன் முழுசாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். நான் அதற்குக் கொஞ்சம் குறைத்தே விடுகிறேன். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கேட் வால்வை மெல்லத் திருகி, உலை வாயில் சின்ன மஞ்சள் நாக்கு எட்டிப் பார்க்கும்போது நிறுத்திவிட வேண்டும். காற்று கூடினால் இரும்பில் செதில் செதிலாக மேல்தோல் கட்டி உதிர்கிறது. ஆனால் இந்தச் சுடரில் கார்பன் மோனாக்சைடு வரும், அதனால் பட்டறையின் ஷட்டர் கதவை முழுசாகத் திறந்துவைத்துத்தான் வேலை.