லிபெல்லஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். 3-ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசு பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பேரரசர் டெசியஸின் ஆணைப்படி எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் எழுத்தில் ஒப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளுக்கு லிபெல்லஸ் என்று பெயர். இப்போதைக்கு ‘மறுதலிப்புச் சான்றிதழ்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா? ஆணைக்குப் பணிந்துபோன கிறிஸ்தவர்களைக் குறிக்கும் ‘லாப்சி’, அவர்களில் ஒரு வகையினரான ‘லிபெல்லாட்டிசி’ இரண்டுக்கும்கூடச் சொல் வேண்டும்.

—

> மறுதலிப்புச் சான்றிதழ்

வேண்டாம் ஐயா. மறுதலிப்பு என்றதும் நமக்கு இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவும், அப்போது கூவிய சேவலும்தான் நினைவுக்கு வரும். அது திருச்சபையின் பக்கத்திலிருந்து பார்க்கிற சொல். தாளில் ஒப்பமிட்டவர்களோ ஊர் அதிகாரிகள். கிறிஸ்துவை மறுதலிக்கிறேன் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

எகிப்து மணலிலிருந்து இத்தகைய பாப்பிரஸ் தாள்கள் 40-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை ஃபாயூம் பகுதியின் தெயடெல்ஃபியா என்ற ஊரைச் சேர்ந்தவை. 250 ஜூன், ஜூலை மாதத்தவை. வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சு: பலிகளைக் கண்காணிக்கத் தெரிந்தெடுக்கப்பட்டோருக்கு, இன்னார் எழுதிக்கொள்வது, நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையில் ஆணைப்படி மது வார்த்து, பலியிட்டு, படைத்ததைச் சுவைத்தேன், கீழே ஒப்பமிட வேண்டுகிறேன். நம் தாலுகா அலுவலகத்துக்கு எழுதும் மனு மாதிரியே இருக்கும். லிபெல்லஸ் என்றால் சிறு ஏடு. மனுவுக்கும் அதே பெயர்தான்.

மனுதாரர் பெயர்கள் அநேகமாக ஔரேலியஸ், ஔரேலியா என்றே தொடங்கும். 212-இல் பேரரசர் கரக்கல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தபோது, அவர்கள் அவருடைய குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டதன் தடயம் அது. அந்தக் குடியுரிமை இல்லாமல் ‘எல்லோரும் பலியிடுக’ என்று ஓர் ஆணையைக் கற்பனை செய்வதே கடினம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. முதலைத் தெய்வமான பெத்தெசூக்கோஸின் பூசாரிணி ஒருத்தியும் இந்தத் தாளை வாங்கியிருக்கிறாள். அவள் எதை மறுதலித்தாள்? கிறிஸ்தவர்களைப் பிடிக்க விரித்த வலை என்று மட்டும் இந்த ஆணையைப் படித்தால் அந்தப் பூசாரிணிக்கு இடமில்லாமல் போகிறது. ரோம் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியில் உயிர்விட்டதும் உண்மை. பாதிப்பு யாருக்கு அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தாளின் பெயர் அந்த இருவகை மக்களுக்கும் பொருந்த வேண்டும்.

ஆகவே, ‘படையல் சான்று’. பலிச்சான்று என்று சொல்லலாமே என்பீர்கள். கத்தோலிக்க வாசகருக்குப் பலி என்றால் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி. தவிர இங்கே ஆட்டை அறுத்ததோடு முடியவில்லை. மது வார்ப்பதும் படைத்ததை உண்பதும் சடங்கின் பகுதி. கொரிந்தியர் நிருபத் தமிழிலும் விக்கிரகங்களுக்குப் ‘படைக்கப்பட்டவை’ என்றுதான் இருக்கிறது.

லாப்சிக்கு ‘வழுவியோர்’. லத்தீனிலும் வழுக்குதல்தான் வேர்ப்பொருள். இவர்களைத் திரும்பச் சேர்க்கலாமா என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் அந்நகர ஆயர் சிப்ரியனும் மற்ற ஆயர்களும் 251-இல் கூடிப் பேசியதை வழுவமைதி ஆராய்ச்சி என்றே சொல்லத் தோன்றுகிறது. (இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க.)

லிபெல்லாட்டிசி என்போர் பலியே இடாமல், கையூட்டுக் கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். ‘சான்று பெற்றோர்’ என்றால் பலியிட்டவரும் அதில் அடங்கிவிடுவர். ‘சீட்டு வாங்கியோர்’ எனலாம். ‘வாங்கியோர்’ என்பதில் காசு கைமாறிய வாடை இருக்கிறது.

—

படையல் எனக்கு இடிக்கிறது. எங்கள் ஊரில் படையல் என்றால் செத்துப்போன தாத்தாவுக்கு. ரோம அரசின் நலம் வேண்டிச் செய்த பலிக்கு அந்த வீட்டுச் சொல் ஏற்குமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறையில் வதைபட்டும் விசுவாசத்தை விடாதவர்கள், வழுவியவர்களுக்காகப் பரிந்துரை எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் லிபெல்லஸ் என்றே பெயர். ‘இன்னாரையும் இன்னாரைச் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்க’ என்று தலைக்கணக்கே இல்லாமல் எழுதிக் கொடுக்கிறார்களே என்று சிப்ரியன் நொந்துகொள்கிறார். அந்த லிபெல்லஸுக்கு என்ன சொல்வது?

—

அதற்கு ‘ஒப்புரவுச் சீட்டு’. பாவசங்கீர்த்தனத்தை இப்போது ஒப்புரவு என்றுதானே கோயிலில் சொல்கிறார்கள், பிரிந்தோரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்பதே பொருளும். அதை எழுதிக் கொடுத்தவர்களுக்குப் புதுச்சொல் தேடவேண்டாம், பழைய கத்தோலிக்க நாட்காட்டியில் ‘துதியர்’ இருக்கிறது. வேதகலாபனை (மதத் துன்புறுத்தல்), வேதசாட்சி (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) மாதிரி அதுவும் எடுத்தாளத்தக்கது.

படையலைப் பற்றி: முன்னோருக்கு மட்டுமல்ல, ஐயனாருக்கும் மாரியம்மனுக்கும் படைக்கிறோம். அரசுச் சடங்கையும் வீட்டுச் சடங்கையும் அவ்வளவு தூரம் பிரித்துப் பார்த்தவர்களா ரோமர்கள்? அடுப்புத் தெய்வம் வெஸ்டாவுக்கு நகரத்தின் நடுவே கோயில் கட்டி, அணையா நெருப்பு வளர்த்தவர்கள்.

—

சரி, வெஸ்டாவுக்காக விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘சீட்டு வாங்கியோர்’, ‘ஒப்புரவுச் சீட்டு’ இரண்டிலும் சீட்டு வந்தால் வாசகர் குழம்புவார். முதலாவதைச் ‘சான்று வாங்கியோர்’ என்று மாற்றுங்கள்.

—

நன்றி. படையல் சான்று, வழுவியோர், சான்று வாங்கியோர், ஒப்புரவுச் சீட்டு, துதியர் என்று குறித்துக்கொண்டேன். அடுத்த இயலில் 303-ஆம் ஆண்டு டயோக்ளீசியன் ஆணை வருகிறது. வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்களை ‘ட்ரடிட்டோர்’ என்கிறார்கள். கையளித்தவர், காட்டிக்கொடுத்தவர் என்று இரு பொருளும் லத்தீனில் அதற்கு உண்டு. ‘ஏடு கையளித்தோர்’ என்றால் காட்டிக்கொடுத்தவன் என்ற வசவு விடுபடுகிறது. ‘காட்டிக்கொடுத்தோர்’ என்றால் ஏடு விடுபடுகிறது. யாராவது கைகொடுங்கள்.